மலையிலிருந்து இறங்கும் இருவருக்கு: முதல் நீண்ட தீம் பார்க் விடுமுறையைத் திட்டமிடுவது எப்படி?

மற்றவர்களின் விடுமுறைக்காக ஆண்டு முழுவதும் உழைக்கிற மாவட்டம் நம்முடையது. சீசன் நேரத்தில் சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அறை ஏற்பாடு செய்வதும் வண்டி ஓட்டுவதும் கடை நடத்துவதுமாக இருக்கும் நீலகிரிக்காரர்களில் பலர், தங்களுக்கென்று ஒரு வாரம் ஒதுக்கி எங்காவது போய்வருவதைப் பற்றி உட்கார்ந்து யோசித்ததே இல்லை. அண்மையில் திருமணமான உறவினர்கள் சிலர், "தீம் பார்க்குகளைச் சுற்றி ஒரு வாரத்துக்கு மேல் போய்வர ஆசை, எங்கிருந்து தொடங்குவது?" என்று என்னிடம் கேட்டதால் இதை எழுதுகிறேன். கோத்தகிரியிலிருந்து நானும் என் கணவரும் இரண்டு முறை இப்படிப் போய்வந்திருக்கிறோம். முதல் பயணத்தில் மூன்று நாட்களில் தொடர்ந்து மூன்று முறை பூங்காவுக்குள் நுழைந்தோம். மூன்றாம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு என் கணவர் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்சில், மடியில் இரண்டு பைகளும் தலையில் ஈரத் துண்டுமாக, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். காசு கொடுத்து வாங்கிய சீட்டு வீணாகிறதே என்று நான் மட்டும் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அன்று இரவு இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

இரண்டாம் முறை போகும்போது நாட்காட்டியில் முதலில் ஓய்வு நாட்களைக் குறித்தோம். பூங்கா நாட்கள் மிச்சமிருந்த இடத்தில் வந்து அமர்ந்தன. பயணம் முழுவதும் வேறு விதமாக இருந்தது. கீழே நான் சொல்லப்போகும் படிகள் எல்லாம் இந்த ஒரு மாற்றத்திலிருந்து பிறந்தவை.

எந்தப் பூங்கா, எத்தனை நாள்

வெளிநாட்டுப் பூங்காக்களைப் பற்றிய கனவு பலருக்கு உண்டு. ஆனால் முதல் பயணத்துக்கு நம் மலையைச் சுற்றியிருக்கும் ஊர்களே போதும் என்பது என் உறுதியான கருத்து. கடவுச்சீட்டு, விசா, விமானம் ஆகிய மூன்று கவலைகளும் இல்லாமல், நீண்ட நேரம் வரிசையில் நிற்பது, வெயில், ரைடுகள் ஆகியவை உங்கள் இருவருக்கும் எவ்வளவு ஒத்துவருகின்றன என்பதை இங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

நீலகிரி நல்ல இடத்தில் இருக்கிறது. அடிவாரத்தில் மேட்டுப்பாளையத்துக்கு அருகே பிளாக் தண்டர் என்னும் நீர் விளையாட்டுப் பூங்கா இருக்கிறது. மேற்கே கொச்சியில், 2000ஆம் ஆண்டில் வீகாலேண்ட் என்ற பெயரில் பள்ளிக்கரையில் தொடங்கப்பட்டு இப்போது வொண்டர்லா என்று அழைக்கப்படும் பூங்கா இருக்கிறது. வடக்கே பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையே பிடதி அருகில், 2005இல் திறக்கப்பட்ட வொண்டர்லா இருக்கிறது. குன்னூர் மலைப்பாதையில் இறங்கி, கொச்சி, பெங்களூரு, மைசூர் என்று சுற்றி, முதுமலை வழியாக ஊட்டிக்கு ஏறி வந்தால் ஒரு முழு வட்டம் நிறைவடைகிறது. போன வழியிலேயே திரும்பும் சலிப்பு இல்லை. சென்னை அருகே திருப்போரூரிலும் 2025இல் ஒரு வொண்டர்லா திறக்கப்பட்டிருக்கிறது. அதையும் சேர்க்க ஆசை வரும். சேர்த்தால் மேலும் ஓர் இரவுப் பயணம் கூடி, ஓய்வு நாள் ஒன்று குறையும் என்பதால் அதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மைசூரில் ஜி.ஆர்.எஸ். பூங்கா உண்டு, ஏற்கெனவே இரண்டு பெரிய பூங்காக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அது அவசியம் இல்லை.

ஒன்பது நாள் விடுமுறையில் மூன்று நாட்கள் மட்டுமே பூங்காவுக்குள் இருக்க வேண்டும். குறைவு என்று தோன்றும். மூன்றாம் நாள் மாலையில் போதும் என்று தோன்றும்.

எந்த மாதம்

நம் ஊரில் விடுமுறை எடுப்பதற்குத் தேயிலையும் சீசனும் இடம் கொடுக்க வேண்டும். ஏப்ரல், மே இரண்டும் முடியாது: இங்கே வேலை, அங்கே பள்ளி விடுமுறைக் கூட்டம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை பெய்யும். இடி மின்னல் இருந்தால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நம் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நிற்கும் வாய்ப்பு உண்டு. மைசூரில் தசராவின்போது அறை கிடைப்பதே கடினம். நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சபரிமலை பக்தர்களால் கேரளம் செல்லும் ரயில்கள் நிரம்பியிருக்கும்.

இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால் பிப்ரவரியின் முதல் இரண்டு வாரங்கள்தான் நமக்கு ஏற்றவை. உறைபனிக் காலம் என்பதால் பச்சை இலை வரத்து மிகவும் குறைந்திருக்கும். சிறு விவசாயிக்குத் தோட்டத்தை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக மனம் வரும். கோத்தகிரிப் பக்கத்து ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) ஹெத்தை அம்மன் திருவிழா முடிந்திருக்கும், பொங்கல் விடுமுறையும் குடியரசு நாளும் கடந்திருக்கும். மார்ச் வந்துவிட்டால் கொச்சியின் புழுக்கம் நம்மைப் போன்றவர்களுக்குத் தாங்காது.

இருவரும் உட்கார்ந்து பேச வேண்டியவை

முன்பதிவுக்கு முன்னால் ஒரு மாலை நேரம் இதற்காக ஒதுக்குங்கள். ஆளுக்கொரு தாளை எடுத்து, கட்டாயம் செய்ய விரும்பும் மூன்றையும், எந்த நிலையிலும் செய்ய விரும்பாத மூன்றையும் தனித்தனியாக எழுதிய பிறகு மாற்றிப் படியுங்கள். என் கணவர் எழுதிய தாளில் "தலைகீழாகப் போவது எதுவும் வேண்டாம்" என்று முதல் வரியிலேயே இருந்தது. மணமாகி நான்கு ஆண்டுகள் ஆன பிறகும் எனக்கு அது தெரியாது; முதல் பயணத்தில் நான் ஆசைப்படுகிறேன் என்பதற்காகவே அவர் என்னுடன் ஏறியிருக்கிறார்.

ரைடுகளின் தன்மையைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் இந்தப் பேச்சு எளிதாகும். பயம் வேறு, மயக்கமும் குமட்டலும் வேறு. உயரத்திலிருந்து நேராக விழுகிற கோபுரம் சிலருக்குப் பயம் தரும், ஆனால் குமட்டாது. தட்டாமாலை போல ஒரே இடத்தில் சுழல்கிற ரைடுகள் பார்ப்பதற்குச் சாதுவாகத் தெரிந்தாலும், உட்செவியில் சமநிலையை உணர்த்தும் நீர்மத்தைக் கலக்கிவிடுவதால் நின்ற பிறகும் தலை சுற்றும். மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கிறவர் யாரென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் சுழலும் ரைடுகளை விட்டுவிடுவது நல்லது. வொண்டர்லாவின் ரீகாயில் போன்ற ரோலர் கோஸ்டர்கள் தலைகீழ் வளையங்களுக்குள் ஒருமுறை முன்னோக்கிப் போய், அதே பாதையில் பின்னோக்கித் திரும்பி வருபவை. அதில் ஏறும் எண்ணம் இருந்தால் சாப்பாட்டுக்கு முன்பே ஏறிவிட வேண்டும்.

ஒருவர் ஏற விரும்பாதபோது மற்றவர் வற்புறுத்தக் கூடாது என்பதைப் பேச்சில் முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். "சின்னப் பிள்ளைகளே ஏறுகிறார்கள், உனக்கென்ன?" என்ற ஒரு வாக்கியம் ஒரு நாளைக் கெடுத்துவிடும். ஏறாதவரின் நேரத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். வெறுமனே பை காத்துக்கொண்டு உட்கார அவர் வரவில்லை. ஏறும் மேடை வரை வரிசையில் கூடவே வந்து, அங்கே ஊழியரிடம் சொல்லி விலகிக்கொள்ளலாம் என்பதால் காத்திருக்கும் நேரம் முழுவதும் இருவரும் சேர்ந்தே இருக்க முடியும். அதன் பிறகு ஏறாதவருக்கு நிழலான ஓர் இடமும், இறங்கியவுடன் சந்திக்கும் இடமும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது பயணத்தில் என் கணவர் தனக்கென்று அலைக்குளத்தையும் நிதானமாக மிதந்து செல்லும் நீர்ப்பாதையையும் வைத்துக்கொண்டார். அங்கே நான்தான் அவர் பின்னால் போனேன்.

இளம் தம்பதிகளிடம் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கருவுற்றிருப்பவர்களைப் பெரிய ரைடுகளில் ஏற்ற மாட்டார்கள், ஏறவும் கூடாது. மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் புறப்படுவதற்கு முன்பே பரிசோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் விளையாட்டு நாளை மாதவிலக்கு நாட்களோடு மோதாமல் வைத்துக்கொள்வதும் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து யோசிக்க வேண்டிய விஷயமே. இதய நோய், உயர் ரத்த அழுத்தம், முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

ஒரு நாள் ஒத்திகை

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு, ஒரு வேலை நாளில் பிளாக் தண்டருக்கு இறங்கிப் போய்வாருங்கள். குன்னூரிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ காலையில் பேருந்தில் கிளம்பினால் மாலையில் வீடு திரும்பிவிடலாம். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் வாழும் உடம்பு அடிவார வெயிலில் எத்தனை மணிக்குச் சோர்கிறது என்பதைக் கவனிப்பதே இந்த ஒத்திகையின் நோக்கம். எனக்குப் பிற்பகல் ஒன்றரை மணிக்குத் தலைவலி தொடங்கியது. அந்த ஒன்றரை மணிதான் பெரிய பயணத்தின் ஒவ்வொரு பூங்கா நாளுக்கும் எங்களுடைய எல்லைக்கோடாக இருந்தது.

நமக்கு ஏற்றத்தில் நடந்து பழக்கம் உண்டு. ஆனால் சூடான சிமென்ட் தரையில் மணிக்கணக்கில் நிற்பது வேறு வகைக் களைப்பு. மேலும், குளிரில் வாழ்கிறவர்கள் தாகம் எடுக்காததால் தண்ணீர் குறைவாகக் குடித்துப் பழகியவர்கள். கீழே இறங்கினால் அந்தப் பழக்கமே ஆபத்து. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல், மணிக்கொரு முறை கைபேசியில் நினைவூட்டல் வைத்துக் குடியுங்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறோ ஓ.ஆர்.எஸ். பொட்டலமோ பையில் இருக்கட்டும். வெப்பத்துக்கு உடம்பு முழுமையாகப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதால், ஒன்பது நாள் பயணத்தில் "போகப் போகப் பழகிவிடும்" என்று நம்பிவிடாதீர்கள்.

ஒன்பது நாட்களை வகுத்துக்கொள்ளும் விதம்

சனிக்கிழமை புறப்பட்டு அடுத்த வார ஞாயிறு திரும்பினால், ஐந்து நாள் விடுப்பில் ஒன்பது நாள் கிடைக்கிறது. பூங்கா நாட்கள் மூன்றும் வேலை நாட்களிலேயே விழும்படி வகுத்துக்கொள்ளலாம். சனி, ஞாயிறு கூட்டத்தில் நிற்பது இரண்டு மடங்கு களைப்பு; பல பூங்காக்களில் அந்த நாட்களில் சீட்டின் விலையும் கூடுதல்.

சனிக்கிழமை காலையில் மலையிறங்கி, கோயம்புத்தூரில் மதிய உணவை முடித்துக்கொண்டு, பிற்பகல் ரயிலில் ஏறினால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் எர்ணாகுளம். தங்குமிடத்தைக் காக்கநாடு பகுதியில் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கரை அங்கிருந்து அருகில் இருக்கிறது, ஆலுவா நிலையத்தில் இறங்கினாலும் வசதிதான். காலை இறங்கும் நேரத்துக்கும் ரயில் நேரத்துக்கும் இடையே குறைந்தது மூன்று மணி நேரம் மிச்சம் வையுங்கள். குன்னூர் மலைப்பாதையில் பர்லியாற்றில் ஒரு லாரி பழுதாகி நின்றால் போதும், அதற்குக் குறைவான கணக்கெல்லாம் தவறிவிடும்.

ஞாயிறு முழுவதும் ஓய்வு. உடம்பு கடல் மட்டத்துக்கு வந்து சேர அந்த ஒரு நாள் வேண்டும். மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு, காக்கநாட்டிலிருந்து வைற்றிலாவுக்கு வாட்டர் மெட்ரோவில் போய்வாருங்கள். 2023 ஏப்ரலில் தொடங்கப்பட்ட இந்தப் படகுச் சேவையில் காயலின் காற்றோடு உட்கார்ந்து போவது நல்ல இளைப்பாறல். திங்கட்கிழமை கொச்சிப் பூங்கா. செவ்வாய் மீண்டும் ஓய்வு: தாமதமாக எழுந்து, விருப்பமிருந்தால் ஃபோர்ட் கொச்சியின் சீன மீன்பிடி வலைகளைப் பார்த்துவிட்டு, இரவு ரயிலில் பெங்களூருக்குக் கிளம்புங்கள். கன்னியாகுமரியிலிருந்து வரும் ஐலேண்ட் எக்ஸ்பிரஸ் போன்ற ரயில்கள் மறுநாள் காலையில் கொண்டு சேர்க்கும்.

புதன்கிழமை பெங்களூரு நகரத்துக்குள் தங்க வேண்டாம். முதல் முறை நகரத்தின் நடுவே ஒரு விடுதியில் தங்கி, காலையும் மாலையும் நெரிசலில் சிக்கி, பூங்காவில் கழித்த நேரத்தில் பாதியைச் சாலையில் கழித்தோம். மெஜஸ்டிக் நிலையத்தில் இறங்கியவுடன் மெட்ரோவின் ஊதா நிறத் தடத்தில் கடைசி நிறுத்தமான சல்லகட்டா வரை போய், அங்கிருந்து பேருந்திலோ டாக்சியிலோ பிடதிப் பக்கம் போய்விடுங்கள். மைசூர் செல்லும் பாசஞ்சர் ரயில்களும் பிடதியில் நிற்கும். பூங்காவை ஒட்டியே அதன் ரிசார்ட் இருக்கிறது. விலை கூடுதல்தான், ஆனால் ஈர உடையோடு நடந்தே அறைக்குப் போய், மதியம் இரண்டு மணி நேரம் தூங்கி எழ முடிகிற வசதிக்கு அந்தக் காசைக் கொடுக்கலாம் என்பேன். மற்ற எந்தச் செலவைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். பிடதியின் தட்டு இட்லி பேர்பெற்றது. சிறு தட்டில் ஊற்றி வேகவைத்த ஒரே பெரிய இட்லி, மேலே வெண்ணெயோடு வரும். புதன் காலைச் சாப்பாடு அதுவாக இருக்கட்டும்.

வியாழன் முழு நாளும் தரை ரைடுகள். கோபுரத்தின் உச்சியில் சுழலும் ஸ்கை வீல் என்னும் ராட்டினத்தில் மாலை வெயில் சாயும் நேரத்தில் இருவரும் சேர்ந்து ஏறுங்கள். அது பயம் தராத உயரம், சுற்றிலும் நெடுந்தூரம் தெரியும். வெள்ளிக்கிழமை நீர் விளையாட்டு மட்டும், அதுவும் அரை நாள். சனிக்கிழமை மைசூரில் ஓய்வு. ஞாயிறு வீடு.

கொச்சியை முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. உடம்பில் தெம்பு இருக்கும்போதே கடலோரப் புழுக்கத்தைக் கடந்துவிட்டால், அதன் பிறகு ஒவ்வோர் ஊரும் கொச்சியைவிட இதமாக இருக்கும்: பெங்களூரு ஏறத்தாழ 920 மீட்டர் உயரம், மைசூர் 770, கடைசியில் 2,240 மீட்டரில் ஊட்டி. இந்த வட்டத்தைத் தலைகீழாகச் சுற்றியவர்கள் கொச்சிக்கு வந்து சேரும்போது களைத்துப்போய் இருப்பார்கள்.

முன்பதிவும் செலவும்

2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. எனவே புறப்படும் நாளிலிருந்து பின்னோக்கி 60 நாட்களை எண்ணி நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அன்று காலை எட்டு மணிக்குத் தயாராக இருங்கள். ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் இணைப்பை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். முதலில் இரவு ரயில், பிறகு தங்குமிடம், கடைசியில் பூங்காச் சீட்டு என்ற வரிசையில் போவதே முறை. சீட்டைப் பூங்காவின் சொந்த இணையதளத்தில் வாங்குங்கள். கல்லூரியில் படிக்கிறவர்கள் அடையாள அட்டையோடு போனால் தள்ளுபடி கிடைக்குமா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

வரிசையில் நிற்காமல் போகிற ஃபாஸ்ட் டிராக் சீட்டு சாதாரணச் சீட்டைவிட மிகவும் விலை உயர்ந்தது. பிப்ரவரி மாத வேலை நாளில் அது தேவைப்படாது. செலவைக் கணக்கிடும்போது நுழைவுச் சீட்டோடு நிறுத்திவிடாமல், லாக்கர் வாடகை, உள்ளே உணவு, ஆட்டோ அல்லது டாக்சி ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பூங்கா நாளுக்கும் தனியாக எழுதுங்கள். வெளியிலிருந்து உணவு கொண்டுபோக அனுமதி இல்லை என்பதால் உள்ளே வாங்கித்தான் சாப்பிட வேண்டும்.

உடையும் நகையும்

நீர் விளையாட்டுப் பகுதியில் பருத்தி உடைக்கு அனுமதி இல்லை. பருத்தி தண்ணீரை உறிஞ்சிக் கனமாகிவிடும், நூல் பிரிந்து நீரில் கலக்கும். புடவை, துப்பட்டா, வேட்டி போன்றவை சறுக்குகளில் சிக்கி ஆபத்தை உண்டாக்கும். நைலான் உடை வேண்டும். முழங்கை வரையும் கணுக்கால் வரையும் மூடுகிற நைலான் உடைகள் பெண்களுக்கு எளிதாகவே கிடைக்கின்றன என்பதால் தயக்கத்துக்கு இடமே இல்லை. பூங்காக் கடையில் அவசரத்தில் வாங்குவதைவிட, கோயம்புத்தூரில் பொருத்தம் பார்த்து ஆளுக்கு இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்; நனைந்து காயாத உடையை மறுபடி போட்டுக்கொள்வதுபோல் எரிச்சலான வேலை வேறில்லை.

தாலியைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்கத் தயங்கியே கேட்டிருக்கிறார்கள். நீண்ட தங்கச் சங்கிலி ரைடுகளின் தோள் பாதுகாப்புப் பட்டையில் சிக்கக்கூடும், நீரில் அறுந்து விழுந்தால் கிடைக்காது. ஊழியர்கள் நகைகளைக் கழற்றச் சொல்வதும் அதற்காகத்தான். நான் செய்தது இது: புறப்படுவதற்கு முன்பு வீட்டில் பெரியவர்களிடம் சொல்லி, தங்கச் சங்கிலியைப் பெட்டியில் வைத்துவிட்டு, கழுத்தோடு ஒட்டிய குட்டையான மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டேன். அதை உடைக்குள் தள்ளி, மேலே கழுத்து மூடிய நைலான் சட்டை போட்டுக்கொண்டபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. மெட்டியும் நீரில் நழுவும்; இறுக்கமாக இல்லாவிட்டால் கழற்றி வைப்பது நல்லது. கண்ணாடி வளையல்களை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மூக்குக்கண்ணாடி அணிகிறவர்கள் பின்னால் கட்டுகிற நாடா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்றபடி: பின்பட்டை வைத்த செருப்பு, தொப்பி, வெயில் காப்புக் களிம்பு, தண்ணீர் புகாத கைபேசிப் பை. மலை வெயிலுக்கே முகம் கறுக்கும் நமக்குக் களிம்பு எதற்கு என்று நினைக்கலாம். நீரில் நின்றபடி வாங்குகிற வெயில் தோள்பட்டையை உரித்துவிடும்.

பூங்காவுக்குள் ஒரு நாள்

கதவு திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே போய் நில்லுங்கள். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் வாயிலுக்கு அருகில் இருக்கும் முதல் ரைடில் நிற்பார்கள். நீங்கள் நேராக உள்ளே நடந்து, மிகவும் விரும்புகிற பெரிய ரைடுக்குப் போய்விடுங்கள். நுழைவாயிலில் நீர் ரைடுகள் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் எழுதியிருக்கும். தரை ரைடுகளும் நீர் ரைடுகளும் ஒரே நேரத்தில் தொடங்குவதில்லை. ஒவ்வொரு ரைடின் முன்னும் உயரமும் எடையும் குறித்த பலகையைப் படியுங்கள். பல பெரிய ரைடுகளுக்கு 140 செ.மீ. உயரம் வேண்டும், சில நீர்ச் சறுக்குகளுக்கு இருவரின் எடையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஊழியர் ஏற வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள்.

பன்னிரண்டு மணிக்கு முன்பே சாப்பிட்டுவிட்டால் உணவகக் கூட்டத்தையும் தவிர்க்கலாம், சாப்பாட்டுக்கும் அடுத்த ரைடுக்கும் நடுவே நல்ல இடைவெளியும் கிடைக்கும். தயிர்ச் சாதம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். அதன் பிறகு உங்கள் எல்லைக்கோட்டு நேரம் வந்ததும், ரைடு எவ்வளவு காலியாக இருந்தாலும், நிழலுக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். எங்கள் இரண்டாம் பயணத்தில் இந்த ஒரு மணி நேரத்தில்தான் நாங்கள் அதிகம் பேசினோம். கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் வீடு, தோட்டம், தேயிலை பேக்டரியில் இலை எடை என்று ஓடிக்கொண்டே இருந்த எங்களுக்கு, யாரும் கூப்பிடாத ஒரு பிற்பகல் அப்போதுதான் கிடைத்தது.

திரும்பும் வழி

சனிக்கிழமையை மைசூரில் கழித்து, அரண்மனையை மெதுவாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, இரவு சீக்கிரம் தூங்குங்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்குள் ஊட்டிப் பேருந்தில் ஏறிவிட வேண்டும். பந்திப்பூர், முதுமலை வழியாகச் செல்லும் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டிருக்கும் என்பதால் மாலையில் கிளம்பும் திட்டம் வேண்டாம். மைசூரில் டாக்சி எடுத்தால், வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய 2024 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கும் இ-பாஸ் அந்த வண்டிக்குத் தேவை என்பதை ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நம்முடைய டிஎன் 43 பதிவெண் வண்டிகளுக்கு அது வேண்டாம் என்ற பழக்கத்தில் நாமே மறந்துவிடுவோம். பயணம் முழுக்க வாங்கிச் சேர்த்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களை மைசூரிலேயே போட்டுவிட்டு, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள்.

ஈர உடைகள், பூங்காவில் வாங்கிய பொருட்கள் என்று எதைக் கட்டினாலும், இரண்டு ஸ்வெட்டர்களையும் பையின் மேலேயே வையுங்கள். ஒன்பது நாள் வெயிலில் இருந்த உடம்பு பிப்ரவரிக் குளிரை எதிர்பார்த்திருக்காது. கூடலூர் தாண்டிப் பேருந்து ஏறத் தொடங்கி, நடுவட்டத்துக்கு வரும்போது சன்னல் கண்ணாடியை இழுத்து மூடுவீர்கள். ஸ்வெட்டர் அப்போது கைக்கு எட்ட வேண்டும்.